சுடலைக்குயில் குஞ்சு

“ஐயா, இங்கே வந்தா மனசு தெளியும்னு சொன்னாங்க. எனக்குக் குழப்பம்தான் கூடியிருக்கு.”

சொன்னவர் மங்கையர்க்கரசி. ஐம்பதைத் தாண்டியவர். குரு குணபாலர் அவரைவிட இளையவர்.

மலையடிவாரத்தில், ஏரிக்கரையை ஒட்டி இருந்தது குணபாலரின் ஆசிரமம். மந்திரம், மூச்சுப் பயிற்சி எதுவும் அங்கே கிடையாது. வருகிறவர்களைக் கரையில் உட்காரவைத்துப் பறவைகளைப் பார்க்கச் சொல்வார். அவ்வளவுதான்.

“என்ன பார்த்தீங்கம்மா?”

மங்கையர்க்கரசி எதிரே இருந்த கருவேலம் புதரைக் காட்டினார்.

ஒரு தவிட்டுக்குருவி குஞ்சுக்கு இரை ஊட்டிக்கொண்டிருந்தது. குஞ்சுக்கு அதன் ஜாடையே இல்லை. முதுகு கறுப்பு, வயிறு வெளுப்பு.

“சுடலைக்குயில் குஞ்சு,” என்றார் குரு. “பெத்தது முட்டையை இந்தக் குருவியோட கூட்டில் இட்டுட்டுப் போயிடும்.”

“அது எனக்கும் தெரியும் ஐயா. அந்தக் குருவிக்குத் தெரியுமா?”

“ஏம்மா கேக்கறீங்க?”

“என் பொண்ணு நான் பெத்தவ இல்லை. நேத்து யாரோ அவகிட்டே சொல்லிட்டாங்க. ‘நீ எனக்கு யாரு?’ன்னு கேட்டா. விடிஞ்சதும் இங்கே ஓடி வந்துட்டேன்.”

“பாருங்க,” என்றார் குரு.

குருவி வெட்டுக்கிளியோடு வந்தது. குஞ்சு கத்தியது. குருவி ஊட்டிவிட்டுப் போனது.

“தெரியலை போலிருக்கு,” என்றார் மங்கையர்க்கரசி.

அடுத்த முறை குருவி சற்றுத் தள்ளி உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துக் குஞ்சையே பார்த்தது. வெகுநேரம் பார்த்தது.

மங்கையர்க்கரசி குருவின் பக்கம் திரும்பினார்.

“ஐயோ, தெரிஞ்சிருக்கு.”

குஞ்சு மறுபடி கத்தியது. குருவி கிட்டே வந்து ஊட்டியது. பறந்தது.

“எதுதான் ஐயா உண்மை?”

“எனக்குத் தெரியலைம்மா.”

“நீங்களே இப்படிச் சொன்னா நான் எங்கே போவேன்?”

“குருவி எங்கே போச்சு?”

“இரை தேடி.”

குரு மறுபடி ஏரியைப் பார்த்தார்.

மங்கையர்க்கரசி சட்டென்று எழுந்தார். புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். செருப்பைத் தேடினார்.

“கிளம்பிட்டீங்களா? குழப்பம் தீர்ந்துதா?”

“இல்லை ஐயா. நேத்து மத்தியானத்திலேர்ந்து அவ சாப்பிடலை.”