டியூபில் அடைத்த மூச்சு

குருசுப்பட்டிக்காரர்களைப் பற்றி அடுத்த ஊர்க்காரர்கள் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. இது குருசுப்பட்டிக்காரர்களே, கொஞ்சம் பெருமையோடு, சொன்னது.

அந்த ஊருக்கு ஒரு வக்கீல் வந்து மக்கள் உரிமை பற்றிப் பேசினார். "நீங்க விடுற மூச்சுகூட உங்க சொத்து. உங்க சம்மதம் இல்லாம அதை எவனும் எடுக்க முடியாது" என்றார். பலத்த கைதட்டல். தட்டும்போதே பலர் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் இன்னாசிக்குக் கல்யாணம். மணப்பெண் அமலோற்பவத்தின் ஊர் மாதா கோயிலில், காலை பத்து மணிப் பூசையில். தாமதமானால் பெண்ணைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று அவள் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குருசுப்பட்டியில் இருந்தது ஒரே வேன். அது இன்னாசியுடையது, ஓட்டத் தெரிந்தவனும் அவன்தான். ஆகவே மாப்பிள்ளையே வண்டி ஓட்ட வேண்டும். வழியிலோ, குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களைப் பிடிக்கப் போலீஸ் நின்றுகொண்டிருந்தது.

இன்னாசி மோரைத் தாண்டி எதையும் குடித்தவனல்ல. ஆனாலும் யாருக்கும் நிம்மதி வரவில்லை.

"குடிக்கலைன்னா ஊதிட்டுப் போக வேண்டியதுதானே?" என்றான் அவன் கூட்டாளி பாக்கியநாதன்.

"அவங்க கேட்டு ஊதினா, அது பறிச்சது. நாமளா வீட்டுலேயே ஊதிக் கொண்டுபோய்க் குடுத்தா, அது நன்கொடை" என்றார் சவரிமுத்து. இன்னாசிக்கு அவர் தாய்மாமன். ஊரில் யோசிக்கிற வேலை அவருடையது.

"எதுல ஊதிக் கொண்டுபோறது?"

வேன், போலீஸ் ஏலத்தில் எடுத்தது. சாராயம் கடத்திப் பிடிபட்ட வண்டி. பின்சீட்டுக்கு அடியில் ஒரு பழைய லாரி டியூப் கிடந்தது.

"போலீஸ் கையிலேருந்து வந்த டியூபு. சந்தேகப்பட மாட்டாங்க" என்றார் சவரிமுத்து.

பாக்கியநாதன் அதை ஆட்டிப் பார்த்தான். "உள்ள களக்களக்குங்குதே?"

"இருக்கட்டும். மூச்சு காயாம இருக்கும்."

கல்யாணத்தன்று விடியலில் இன்னாசி கண் பிதுங்க ஊதி, டியூபைப் பாதி நிரப்பினான்.

சோதனைச் சாவடியில் சப்-இன்ஸ்பெக்டர் ஊதச் சொல்லி மிஷினை நீட்டினார். மாப்பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டு, ஜன்னல் வழியே டியூபை நீட்டினான்.

"என்னய்யா இது?"

"மூச்சு சார்" என்றார் சவரிமுத்து. "மாப்பிள்ளையோட சொந்த மூச்சு. காலையில ஊதினது."

சப்-இன்ஸ்பெக்டர் ஓய்வு பெறும் வயதில் இருந்தார். வாதாடுவதை எப்போதோ விட்டுவிட்டவர். டியூபைத் திறந்து மிஷினுக்கு நேரே பிடித்தார். மிஷின் அலறியது. ஒரு கான்ஸ்டபிள் இரண்டடி பின்னால் போனார். இன்னொருவர் இரண்டடி முன்னால் வந்தார்.

"இவ்வளவு குடிச்சவன் உயிரோடவே இருக்க முடியாதே?"

"மோரு சார்! மோரு மட்டுந்தான் சார்!" இன்னாசி வாயைத் திறந்துவிட்டான். "என் மூச்சு என் சொத்து சார்! வக்கீலே சொல்லிட்டாரு! எவனும் தொட முடியாது!"

அவன் பேசி முடிக்கும்வரை சப்-இன்ஸ்பெக்டர் மிஷினை அவன் வாய்க்கு முன்னால் பிடித்திருந்தார். பிறகு பார்த்தார். பூஜ்யம்.

"நீ போகலாம். டியூபு இங்கேயே இருக்கட்டும்."

வேன் கொஞ்ச தூரம் துக்கத்தில் ஓடியது.

"பேசிக்கிட்டே இருக்கும்போது எடுத்துட்டாரே மாமா" என்றான் இன்னாசி.

"சம்மதம் இல்லைன்னு சொன்னியா?"

"மத்தது எல்லாம் சொன்னேன். அதை மட்டும் சொல்லல."

"அதான். அடையாளம் போடாத ஆடு எவன் பட்டியிலயும் அடையும். இனிமே ஒவ்வொரு மூச்சுக்கும் சொல்லிட்டு விடு."

இன்னாசி அப்படியே செய்தான். "சம்மதம் இல்லை" என்பான், மூச்சு விடுவான், கியரை மாற்றுவான். பூசை மணி அடிக்கும்போது கோயில் வாசலில் வேன் நின்றது.

சாமியார் கேட்டார்: "இன்னாசி, அமலோற்பவத்தை மனைவியா ஏத்துக்க உனக்கு முழு மனசோட சம்மதமா?"

மாப்பிள்ளைக்கு மூச்சு விடும் நேரம்.

"சம்மதம் இல்லை."

பெண்ணின் அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அது மூச்சுக்குச் சொன்னது சாமி!" என்று பாக்கியநாதன் பின்னாலிருந்து கத்தினான்.

"அப்ப என் பொண்ணுக்கு என்ன சொல்றான்?"

இன்னாசிக்கு அவளைப் பிடித்திருந்தது. ஆனால் அதைச் சொன்னால் மூச்சு வெளியே போகும். முதலில் மூச்சுக்கான வார்த்தையைச் சொன்னால் பெண் போய்விடுவாள். அடக்கிக்கொண்டு நின்றான். முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது.

"சீக்கிரம் சொல்லுங்க, அப்பா கிளம்பிட்டாரு" என்றாள் அமலோற்பவம் முக்காட்டுக்குள்ளிருந்து.

சவரிமுத்து பீடத்தருகே வந்தார். "மாப்ளே, மூச்சை நாங்க பார்த்துக்கிறோம். நீ பொண்ணைப் பாரு."

குருசுப்பட்டியே எழுந்து நின்று "சம்மதம் இல்லை, சம்மதம் இல்லை" என்று ஒரே குரலில் சொல்ல, நடுவில் இன்னாசி தொண்டை கிழிய "சம்மதம்!" என்று கத்தினான். மாப்பிள்ளை சொன்னதை மட்டும் சாமியார் எடுத்துக்கொண்டார். கல்யாணம் நடந்தது.

மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, பெண் வீட்டில் மாப்பிள்ளை அயர்ந்து தூங்கிவிட்டான். கட்டிலைச் சுற்றி ஊர்க்காரர்கள் உட்கார்ந்து, அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துப் பார்த்து, ஆள் மாற்றி ஆள் "சம்மதம் இல்லை" சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அமலோற்பவம் கதவோரம் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"இது இன்னும் எத்தனை நாளைக்குங்க?"

"பயப்படாதம்மா" என்றார் சவரிமுத்து. "அவனுக்கு மூச்சு இருக்குற வரைக்குந்தான். அது நின்ன அன்னைக்கே நாங்க கிளம்பிடுவோம்."