வாயாடிக் கோஸ் வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில் செடிகொடிகளும் பறவைகளும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தன. மலைச்சரிவில் மாதி என்பவளின் தோட்டத்தில் ஒரு கோஸ் செடி இருந்தது. அப்போது அதற்கு உருண்டைத் தலை கிடையாது. கீரையைப் போல இலைகளை அகல விரித்துக்கொண்டு நிற்கும். வாயும் அப்படித்தான், மூடவே மூடாது. யார் எங்கே போனார்கள், யாருக்கும் யாருக்கும் சண்டை, எல்லாம் அதற்குத் தெரியும். தெரிந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் இல்லாத தலை வெடித்துவிடும்!

ஒரு நாள் காடை ஒன்று முட்டையை உருட்டிக்கொண்டு மூச்சிரைக்க வந்தது.

"அக்கா, மூன்று முட்டையைக் கீரி தின்றுவிட்டான். மிச்சம் இது ஒன்றுதான். உன் மடியில் ஒளித்து வைக்கிறாயா? உன் வாயை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது."

கோஸுக்குச் சுருக்கென்றது. ஆனால் பொய்யில்லையே. "வைத்துவிட்டுப் போ. மூச்சுவிட மாட்டேன்" என்றது. காடை நொண்டுவது போல நடித்துக் கீரியைத் தொலைவுக்கு இழுத்துக்கொண்டு போனது.

கீரி லேசுப்பட்டவனா? மறுநாளே திரும்பி வந்தான். "என்ன கோஸக்கா, இன்றைக்கு ஊர்க்கதை ஒன்றும் இல்லையா?"

கோஸுக்கு நாக்கு துறுதுறுத்தது. பேச்சு வந்துவிடப்போகிறது என்று தெரிந்ததும் ஓர் இலையை இழுத்து வாய்மேல் போட்டுக்கொண்டது. அவன் தினமும் வந்தான். தினமும் இரண்டு மூன்று இலைகள் உள்ளே மடங்கின. மூன்று வாரத்தில் கீரி சலித்துப்போய் வேறு பக்கம் போய்விட்டான். காடை வந்து, "அக்கா, திற" என்றது.

திறக்க முடியவில்லை. இலைமேல் இலை இறுகிக் கிடந்தது. உள்ளே பொரிந்த குஞ்சின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

"பாவி நான், உன் பிள்ளையை நானே கொல்கிறேனே!" என்று கோஸ் இலைகளுக்குள்ளிருந்து கதறியது.

சத்தம் கேட்டு மாதி அரிவாளோடு ஓடி வந்தாள். "ஒரே போடாகப் பிளந்துவிடட்டுமா?"

"ஐயோ, குஞ்சுமேல் பட்டுவிடும்! ஒவ்வோர் இலையாக உரி, தாயே."

"உரித்தால் நீ மிஞ்சமாட்டாயே, பைத்தியமே."

"வேர் இருக்கிறதல்லவா? உரி."

மாதி கண்ணைத் துடைத்துக்கொண்டு உரித்தாள். உள்ளே போகப்போக இலைகள் வெயில் படாமல் வெளுத்திருந்தன. கடைசி இலையை விலக்கியதும் குஞ்சு தள்ளாடி எழுந்து "கீச்" என்றது. காடை அதை இறக்கைக்குள் இழுத்து அணைத்துக்கொண்டது. நன்றி சொல்லத் திரும்பியபோது வெறும் தண்டுதான் நின்றது.

அடுத்த மழையில் அந்தத் தண்டில் தளிர்கள் வந்தன. வந்த இலைகள் விரியாமல் ஒன்றை ஒன்று மூடிக்கொண்டன. உள்ளே காக்க ஒன்றுமில்லை என்று அதற்கு யாரும் சொல்லவில்லை போலும். பேச்சும் அதோடு நின்றுபோனது.

அன்று முதல்தான் அதற்கு முட்டைக்கோஸ் என்று பெயர். அன்று முதல்தான் நாமும் கத்தி வைக்குமுன் அதன் மேல் இலைகளைக் கையால் ஒவ்வொன்றாக உரிக்கிறோம்.