செவலை விழுங்கிய பேச்சு

“‘காத்தாயி வீட்டில் மூன்று நாள் குழம்பு, மேலே மல்லித்தழை தூவி ஒப்பேற்றுகிறாள்.’ இப்படித்தான் அண்ணே சொல்லிச்சு உங்க நாய். அதுவும் என் மாமியார் முன்னால.”

“சொன்னது பொய்யா?” என்றான் ஒண்டியப்பன்.

“பொய்யா இருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பேனே,” என்றாள் காத்தாயி.

அந்தக் காலத்தில் எல்லா உயிர்களும் பேசும். ஆனால் அளவாகப் பேசும். மாடு ‘தண்ணீர்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். ஒண்டியப்பன் வளர்த்த செவலை நாய்க்கு மட்டும், மூக்கில் நுழைந்ததெல்லாம் வாய் வழியாக வெளியே வந்தாக வேண்டும். யார் வீட்டில் கருவாடு, யார் குளித்து இரண்டு நாளாகிறது, எல்லாம் ஊருக்குத் தெரிந்துவிடும். மலைச்சரிவில் இருந்ததே நாற்பது வீடு. நாற்பதும் அதன் வாயில்.

“கட்டிப்போடுங்க. இல்லாட்டி ஊர்க்கூட்டத்துல வைப்பேன்.”

“கட்டினால் கயிறு என்ன நாற்றம் என்று சொல்வேன்,” என்றது செவலை.

காத்தாயி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், ஐந்து நாள் மழையில் ஊறிக் கிடந்த மேல்சரிவு மண் அப்படியே சரிந்து இறங்கியது. அப்படி ஒன்றும் பெரிய சத்தமில்லை. நெல் மூட்டை சாய்ந்த மாதிரி இருந்தது. அவள் கணவன் மாசிலன் அங்கேதான் வாய்க்கால் அடைப்பெடுக்கப் போயிருந்தான்.

ஊரே ஓடியது. போய்ப் பார்த்தால் வாய்க்காலும் இல்லை, வரப்பும் இல்லை, எங்கும் சிவந்த மண். எந்த இடத்தில் தோண்டுவது?

“செவலை, தேடுடா,” என்றான் ஒண்டியப்பன்.

கேட்கவா வேண்டும்? “இங்கே அவர் மண்வெட்டி,” என்றது. பத்துப் பேர் தோண்டினார்கள். மண்வெட்டிதான் இருந்தது. “இங்கே அவர் துண்டு.” மறுபடி தோண்டினார்கள். சேறு பூசிய துண்டு வந்தது. “அங்கே வெற்றிலைப் பை. பாக்கு கொஞ்சம் ஊசியிருக்கிறது.” அதற்கும் ஓடினார்கள். நாய் சொன்ன ஒன்றுகூடப் பொய்யில்லை. பொழுதுதான் போய்க்கொண்டிருந்தது. மண்ணுக்குள் இருப்பவனுக்கு மூச்சு எத்தனை நேரம் தாங்கும்?

காத்தாயி சேற்றில் மண்டியிட்டாள். நாயின் வாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

“துண்டு வேணாம். பை வேணாம். எனக்கு ஆள் வேணும். ஆள் இருக்கிற இடம் தெரியிற வரைக்கும் வாயைத் திறக்காதே. வர்ற பேச்சையெல்லாம் முழுங்கு.”

செவலைக்கு நாக்கு நுனிவரை பேச்சு வந்து நின்றது. கண்ணில் நீர் கட்டியது. இருந்தாலும் விழுங்கியது. ஒன்று, இரண்டு, பத்து. விழுங்கிய பேச்சு உள்ளே இறங்காமல் மூக்குக்கு ஏறியது. இதுவரை தெரியாத வாசமெல்லாம் தெரிய ஆரம்பித்தது. செருப்பைத் தாண்டியது. அரிவாளைத் தாண்டியது. சாய்ந்து கிடந்த பலாமரத்தின் வேரருகே போய் நின்றது. நின்ற இடத்திலேயே பொத்தென்று உட்கார்ந்தது. மண்ணையே பார்த்தது.

“என்னடா, சொல்லு,” என்றார்கள்.

அசையவில்லை.

“அங்கதான். தோண்டுங்க,” என்றாள் காத்தாயி.

வேருக்கும் பாறைக்கும் நடுவே ஒரு பொந்து. அதற்குள் மடங்கிக் கிடந்தான் மாசிலன். மூச்சு இருந்தது. “மெதுவா இழுங்கப்பா, கால் மரத்துப்போச்சு,” என்றான்.

காத்தாயி அவனைத் திட்டத் தொடங்கினாள். மழையில் எவன் வாய்க்காலுக்குப் போவான், மண்டைக்குள் என்ன இருக்கிறது என்று மூச்சு விடாமல் திட்டினாள். கேட்டவர்களுக்கெல்லாம் அப்பாடா என்றிருந்தது. ஒண்டியப்பன் சிரித்துச் சிரித்துச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அதன் பிறகுதான் எல்லோரும் நாயைப் பார்த்தார்கள். அது வாயைத் திறந்தது. மூச்சு வந்தது, நாக்கு வந்தது, பேச்சு வரவில்லை. அத்தனையும் மூக்கில் போய்த் தங்கிவிட்டது.

அன்று முதல்தான், மோப்பம் பிடித்துத் தேடும் நாய் வழியில் ஆயிரம் வாசம் குறுக்கிட்டாலும் கண்டுகொள்ளாமல், தேடியது கிடைத்ததும் அங்கேயே சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடுகிறது.

காத்தாயிக்குத்தான் மனசு ஆறவில்லை. மாசிலனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சேற்றுக் கையோடு செவலை எதிரே உட்கார்ந்தாள்.

“என் மேல கோபமில்லேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு, சாமி.”