மின்னல் பாட்டா, கூழாங்கல் பாட்டா?

நெல்லிக்காட்டில் கரியான் என்று ஒரு குண்டுக்கரிச்சான் குருவி இருந்தான். தலை கறுப்பு, வயிறு வெள்ளை, வால் எப்போதும் மேல்நோக்கி. உருவம் என்னவோ ஒரு கைப்பிடிதான். ஆனால் அவன் பாட வாயைத் திறந்தால், மேய்கிற மான் வாயில் கவ்விய புல்லோடு அப்படியே நின்றுவிடும்.

அவனுக்கு ரசிகர்கள் ஏராளம். கிளிகள், குரங்குகள், தவளைகள், முயல்கள், ஒரு கிழட்டுக் காட்டுப்பன்றி. எல்லாரையும் விடப் பெரிய ரசிகை சிலுப்பி என்ற அணில். கரியானும் அவன் மனைவி சாம்பியும் குடியிருந்த இலுப்பை மரத்தில்தான் அவளும் இருந்தாள். அவர்கள் மேல் பொந்தில், அவள் கீழ்ப் பொந்தில். போன வருடம் ஒரு பருந்து சிலுப்பியின் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனது. பத்து நாள் அவள் பொந்தை விட்டு வெளியே வரவில்லை. பதினோராம் நாள் காலையில் மேலே கரியான் பாடினான். அவள் மெல்லத் தலையை வெளியே நீட்டினாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் பிறகு விடவே இல்லை.

கரியான் குளிர்காலம் முழுக்கப் பொந்துக்குள் உட்கார்ந்து ஐந்து புதுப் பாட்டுகள் கட்டுவான். பங்குனி பிறந்ததும் பௌர்ணமிக்கு ஒரு பாட்டு என்று, குளக்கரையில் பட்டுப்போய் நின்ற மரத்தின் உச்சியிலிருந்து விடியற்காலையில் காடே கேட்கும்படி பாடுவான். முதல் பாட்டு எது என்பதுதான் பெரிய விஷயம். அது பிடித்துப்போனால் அந்தக் கோடை முழுக்கக் குளக்கரையில் நிற்க இடம் இருக்காது.

இந்த வருடம் சிலுப்பிக்கு ஒரு கவலை. குளத்தை ஒட்டி ஓடும் ஓடைக்கு அந்தப் பக்கம் பொன்னி என்ற மாங்குயில் புதிதாக வந்திருந்தாள். மஞ்சள் உடம்பு, புல்லாங்குழல் குரல். முயல்களில் பாதி ஏற்கெனவே ஓடையைத் தாண்டிவிட்டன.

"முதல் பாட்டு மட்டும் சறுக்கிவிட்டால்?" என்று சிலுப்பி நினைத்துக்கொள்வாள். "கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் போய்விடும். கேட்க ஆள் இல்லாவிட்டால் அவர் பாடுவாரா? பாடாவிட்டால்...?" அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. கையில் இருக்கும் கொட்டையைக் கொறிக்கவும் மறந்துபோவாள்.

பௌர்ணமிக்கு எட்டு நாள் இருக்கும்போது சாம்பி கீழே எட்டிப் பார்த்துச் சொன்னாள். "சிலுப்பி! இந்தத் தடவை முதல்ல கூழாங்கல் பாட்டுதானாம்."

"கூழாங்கல் பாட்டா!" சிலுப்பியின் வால் விறைத்துக்கொண்டது.

கீழ்ப் பொந்தில் இருந்தவளுக்கு ஐந்து பாட்டும் அத்துப்படி. கூழாங்கல் பாட்டு ஓடைத் தண்ணீர் ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டு போவது போல இருக்கும். தாழ்ந்த குரல், ஏற்றமே கிடையாது. மின்னல் பாட்டு அப்படியல்ல. அதில் ஒரு இடம் உண்டு. குரல் ஒரு படி ஏறும், இன்னொரு படி ஏறும், மூன்றாவது படியில் வானத்தையே கிழித்துக்கொண்டு போகும். மார்கழியில் கரியான் அதை ஒரே ஒருமுறை முழுக்கப் பாடிப் பார்த்தான். அன்றைக்குச் சிலுப்பிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அவள் நேரே மேலே ஏறிப் போனாள்.

"அண்ணே, மின்னல் பாட்டை முதல்ல பாடுங்க!"

கரியான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். பொந்து வாசலில் ஒரு இலைக் குழியில் பனித்தண்ணீர் தேங்கியிருந்தது. சிறிது குடிப்பான், நிமிர்வான், மறுபடி குடிப்பான்.

"இப்போதைக்குக் கூழாங்கல் போதும்மா," என்றான்.

"அது நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆனா முதல் பாட்டுக்கு அது ஆகாது! அந்த மாங்குயில் என்ன உச்சத்துல பாடுறா தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

கரியான் இன்னொரு மடக்குத் தண்ணீர் குடித்தான். "எனக்கு அதுதான் சரின்னு படுது, சிலுப்பி," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

அன்று சாயங்காலம் சிலுப்பி குளக்கரை நாவல் மரத்துக்குப் போனாள். ரசிகர்கள் கூடிப் பேசுகிற இடம் அது. யாருக்கும் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனாள். ஆனால் பவளமூக்கி என்ற கிளி, "முதல் பாட்டு என்னவாம்?" என்று கேட்டதும் எல்லாம் கொட்டிவிட்டது. ஐந்து பாட்டின் மெட்டையும் வாயாலேயே பாடிக்கூடக் காட்டிவிட்டாள்.

அவ்வளவுதான். காடு இரண்டுபட்டது.

"மின்னல் பாட்டை வெச்சுக்கிட்டு யாராவது கூழாங்கல்லை முதல்ல விடுவாங்களா!" என்று பவளமூக்கி கத்தினாள்.

"எனக்கு அந்த மூணாவது பாட்டுதான். அதுக்குத்தான் நல்லா ஆட்டம் போடலாம்!" என்றான் தாவலன் என்ற குரங்கு.

"கூழாங்கல் பாட்டுல தண்ணி வருது. எங்களுக்கு அதுதான் பிடிக்கும்," என்றன தவளைகள்.

"உங்களை யாரு கேட்டது? நீங்க எல்லாம் நேத்து வந்தவங்க! நான் அவரோட முதல் வருஷத்துலேருந்து கேக்குறேன்!" என்று தவளைகளைப் பார்த்துச் சீறினாள் பவளமூக்கி.

"நாங்களும்தான் கேக்குறோம்!"

"அவருக்கு இப்ப நல்லது கெட்டது தெரியலை," என்றாள் பவளமூக்கி. "அந்தச் சாம்பிதான் எதையாவது சொல்லிக் கெடுத்திருப்பா!"

கிழட்டுக் காட்டுப்பன்றி மட்டும் சேற்றில் படுத்தபடியே, "பாடப்போறது அவன்தானே?" என்று கேட்டது. யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

இரண்டு நாளில் தவளைகளோடு கிளிகள் பேச்சை நிறுத்திக்கொண்டன. நான்காம் நாள் ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து முயல்களின் கேலி வந்தது. "உங்க ஆளு கூழாங்கல்லை உருட்டப் போறாராமே!" சிலுப்பிக்கு அது ஊசி ஏற்றியது போல இருந்தது. ராத்திரி தூக்கம் போனது. கண்ணை மூடினால் குளக்கரையில் ஒரு ஆள்கூட இல்லாமல் கரியான் தனியாகப் பாடுவது தெரிந்தது.

ஏழாம் நாள் அவள் பவளமூக்கியைத் தேடிப் போனாள்.

"நாளைக்கு அவர் கூழாங்கல்லை ஆரம்பிச்ச உடனே நாம எல்லாரும் 'மின்னல், மின்னல்'னு கத்துவோம். ரசிகர்கள் கேட்டா அவர் மறுக்க மாட்டார்."

"கோவிச்சுக்கிட்டா?"

"பாடி முடிச்சதும் அவரே நமக்கு நன்றி சொல்வார் பாரு!" என்றாள் சிலுப்பி.

மறுநாள் விடியலில் குளக்கரை நிறைந்துவிட்டது. வேடிக்கை பார்க்க ஓடையின் அந்தக் கரையிலும் கூட்டம். பொன்னியும் ஒரு கிளையில் உட்கார்ந்திருந்தாள். கரியான் பட்ட மரத்தின் உச்சிக்கு வந்தான். சாம்பி ஒரு கிளை கீழே உட்கார்ந்துகொண்டாள்.

அவன் கூழாங்கல் பாட்டைத் தொடங்கினான். முதல் இரண்டு வரி தண்ணீர் மாதிரி வழிந்தது. தவளைகள் கண்ணை மூடிக்கொண்டன.

சிலுப்பி வாலை உயர்த்தினாள். அதுதான் சாடை.

"மின்னல்! மின்னல்! மின்னல்!"

நாற்பது கிளிகள் ஒன்றாகக் கத்தினால் எப்படி இருக்கும்! பாட்டு அதில் முங்கிப்போனது. கரியான் நிறுத்தினான். கத்தல் அடங்கியதும் மறுபடி தொடங்கினான். மறுபடி, "மின்னல்! மின்னல்!" அந்தக் கரையில் முயல்கள் விழுந்து விழுந்து சிரித்தன.

கரியான் சாம்பியைப் பார்த்தான். சாம்பி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவன் கூட்டத்தைப் பார்த்தான். அந்தக் கரையைப் பார்த்தான். அப்புறம் சிலுப்பியைப் பார்த்தான். அவள் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, "பாடுங்க அண்ணே!" என்றாள்.

அவன் மின்னல் பாட்டைப் பாடினான்.

என்ன பாட்டு அது! கிளிகள் ஊமையாகின. முயல்களின் சிரிப்பு நின்றது. முதல் படி ஏறினான். சிலுப்பிக்குக் கண்ணில் நீர் முட்டியது. "சொன்னேனா இல்லையா!" என்றாள் பக்கத்தில் இருந்த தாவலனிடம். இரண்டாம் படி ஏறினான். மூன்றாம் படிக்குக் கழுத்தை நீட்டினான்.

குரல் வரவில்லை. காய்ந்த சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம் வந்தது. கரியான் இன்னொரு முறை வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது. அவன் வெள்ளை மார்பில் சிவப்பாக ஒரு சொட்டு விழுந்தது.

சாம்பி பறந்து மேலே போய் அவனை அணைத்தாற்போல் கூட்டிக்கொண்டு இலுப்பை மரத்துக்குப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் கூட்டம் கலைய ஆரம்பித்தது. "மின்னலை முதல்ல எடுத்திருக்கவே கூடாது," என்றாள் பவளமூக்கி! "அவருக்கே தெரிய வேண்டாமா?" மத்தியானத்துக்குள் கிளிகள் பாதி ஓடையைத் தாண்டிவிட்டன.

சிலுப்பிக்கு வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. குளக்கரையிலேயே வெயில் சாயும் வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு இலுப்பை மரத்தில் ஏறினாள். தன் பொந்தைத் தாண்டி மேலே போனாள். சாம்பி வாசலிலேயே நின்றாள்.

"அவருக்கு என்ன ஆச்சு?"

"தை மாசத்துல ஒரு புழுவோட கருவேல முள்ளையும் சேர்த்து முழுங்கிட்டார்," என்றாள் சாம்பி. "முள்ளு எடுத்தாச்சு. ஆனா புண்ணு ஆறலை. தாழ்ந்த குரல்ல பாடினா வலிக்காது. நாலு மாசம் அப்படி ஓட்டிட்டா ஆறிடும்னு பார்த்தார். அதான் கூழாங்கல் பாட்டு முதல்ல, மின்னல் பாட்டு கடைசியில."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

சாம்பி அவளையே பார்த்தாள். "அஞ்சு பாட்டையும் நீ யாருகிட்ட எல்லாம் சொன்னே?"

சிலுப்பிக்குக் காது மடல் வரை சுட்டது.

"அக்கா, நான்தான் கத்தச் சொன்னேன்," என்றாள் கடைசியில். "கிளிகளோட யோசனை இல்லை. என்னோடது."

"அவருக்கும் தெரியும். உன் வாலைப் பார்த்தார்."

சிலுப்பி அழுதாள். சாம்பி அவளைத் தேற்றவும் இல்லை, விரட்டவும் இல்லை. "அவர் பேசக்கூடக் கூடாது. இங்கே சத்தம் இல்லாம இருந்தா அதுவே போதும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாளே தாவலனும் மிச்சமிருந்த கிளிகளும் இலுப்பை மரத்தடிக்கு வந்துவிட்டார்கள். "அண்ணே, அடுத்த பௌர்ணமிக்கு எது? மூணாவது பாட்டா?" என்று தாவலன் கிளையை உலுக்கினான்.

சிலுப்பி அவன் முகத்துக்கு நேரே போய் நின்றாள். "எதுவும் இல்லை. போயிடு!"

"அதைச் சொல்ல நீ யாரு? பெரிய ரசிகைன்னு நினைப்பா?"

"இல்லை. அவர் தொண்டையைக் கிழிச்சவ நான். நேத்துக் கத்தினது எல்லாம் நான் சொல்லித்தான்."

அது காடெங்கும் பரவியது. கிளிகள் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டன. நாவல் மரத்தில் அவள் போய் உட்கார்ந்தால் தவளைகள் குளத்துக்குள் குதித்தன. கேலியும் ஏச்சும் அவளைப் பார்த்துத் திரும்பின. அவள் காலையிலும் மாலையிலும் மரத்தடியில் உட்கார்ந்து, வருகிறவர்களை எல்லாம் சத்தம் போடாமல் திருப்பி அனுப்பினாள். மேலிருந்து ஒரு சின்ன முனகல் கேட்டாலும் நிமிர்ந்து பார்த்தாள். சித்திரை போனது. வைகாசி போனது. பௌர்ணமிகள் பாட்டில்லாமல் வந்து போயின.

மாரியும் வந்தது. குளம் நிறைந்தது. ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் சிலுப்பி ஈரக் கொட்டை ஒன்றை உரித்துக்கொண்டிருந்தாள். மேலே ஒரு குரல் கேட்டது.

கரியானுடைய குரல்தான். ஆனால் கொஞ்சம் கரகரத்திருந்தது. உயரமாகப் போகவில்லை. ஐந்து பாட்டில் எதுவும் இல்லை; அவள் கேட்டே இராத ஏதோ ஒன்று. நாலு வரி வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

சிலுப்பி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். 'இன்னும் கொஞ்சம்' என்று கேட்க வாய் துடித்தது. கொட்டையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

கிழட்டுக் காட்டுப்பன்றி சேற்றோடு நடந்து வந்து மரத்தடியில் நின்றது. இரண்டு தவளைகளும் வந்தன. பாட்டு முடிந்ததும் கரியான் கிளைக்கு வந்து கீழே பார்த்தான். சிலுப்பியைப் பார்த்தான். சிறிது நேரம் பார்த்துவிட்டு, வாலை ஒருமுறை தூக்கி இறக்கினான்.

அந்தக் குரல் பிறகு ஒருநாளும் மூன்றாம் படிக்குப் போகவே இல்லை.

ஒரு வாரம் கழித்துப் பவளமூக்கி ஓடையின் அந்தப் பக்கத்திலிருந்து பறந்து வந்தாள். "மறுபடி பாடுறாராமே! வர்ற பங்குனிக்கு முதல்ல எந்தப் பாட்டு? உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, சொல்லு!"

மேல் பொந்தில் அவன் கட்டுகிற பாட்டெல்லாம் சிலுப்பிக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"அவர் பாடும்போது தெரியும்," என்றாள்.

ஒருவரின் திறமையை நாம் எவ்வளவு நேசித்தாலும், அதை எப்போது, எப்படி வெளியிடுவது என்று முடிவு செய்வதை அவரிடமே விட்டுவிட வேண்டும்.