சம்பந்தியம்மாள் வந்த பல்லக்கு

கொன்றைப்பட்டணத்து ராசா வல்லபராயர், எதிரி படையெடுத்து வந்தால்கூட மன்னித்துவிடுவார். வெற்றிலைத் தட்டில் பாக்கு குறைந்தால் மன்னிக்க மாட்டார். சீர், முறை, சம்பந்தி மரியாதை என்றால் அவருக்கு உயிர். அவர் சபையில் விகடம் பேசுகிறவள் காத்தாயி. மூன்று பிள்ளை பெற்றவள். வாய் சும்மா இருக்காது.

அந்த ஊர்க் கடைத்தெருவில் ரத்தினப்பன் என்றொரு வியாபாரி நாய்க்குட்டி விற்றான். எல்லாம் பஞ்சுப் பொதி மாதிரி வெள்ளைக் குட்டிகள். கழுத்தில் பட்டு நாடா, கீழே மெத்தை. ஊரில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு மெத்தை கிடையாது. குட்டிகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டால், "கரட்டுக் குன்றுக்கு அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டுவான். காட்டுவதோடு சரி.

ராசாவின் ஏழு வயது மகள் செண்பகவல்லிக்கு அவனிடம் ஒரு குட்டி வாங்கினார்கள். ஆறாம் நாள் செத்தது. ரத்தினப்பன் முகம் கோணாமல் வேறு குட்டி கொடுத்தான். அதுவும் செத்தது. "விரிசல் விட்ட பானையை மாற்றித் தருவதில்லையா, அந்த மாதிரிதான்" என்று மூன்றாவதைக் கொடுத்தான். அது சாகவில்லை, அழுதது. நாளெல்லாம் அழுதது. பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையும் அழுதாள், ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

இந்த லட்சணத்தில் ரத்தினப்பன் சபைக்கு வந்து, "பிரபு, இந்த நாட்டில் நான் ஒருவன்தான் குட்டி விற்கலாம், என் வேலிக்குள் யாரும் நுழையக் கூடாது என்று ஒரு செப்புப் பட்டயம் வேண்டும்" என்றான்.

"எதற்கு? ஆறாம் நாள் சாகிற குட்டி வேறு கடையில் கிடைத்துவிடக் கூடாது என்றா?" என்று கேட்டாள் காத்தாயி.

"அம்மணி, என் தாய் நாய்களைப் பார்த்தால் இப்படிப் பேசமாட்டீர்கள். மகாராணி வாழ்க்கை. வேளைக்குப் பாற்சோறு, பன்னீர்க் குளியல்."

"பார்க்கலாம் என்றுதான் போன வாரம் வந்தேன். உங்கள் காவல்காரர் வேலிக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார். உள்ளேயிருந்து குரைப்புகூடக் கேட்கவில்லை. முனகல்தான் கேட்டது."

"மகாராணிகளைக் கண்டவரும் பார்க்க விடுவார்களா?"

சபை சிரித்தது. ராசாவும் சிரித்தார். "காத்தாயி, வெள்ளிக்கிழமைக்குள் இந்தக் குட்டியின் அழுகையை நிறுத்து. நிறுத்தினால் நீ சொல்வதைக் கேட்கிறேன். இல்லாவிட்டால் பட்டயம் ரத்தினப்பனுக்கு."

காதோரம் ஒரு பழுப்புப் புள்ளி இருந்த அந்தக் குட்டியைக் காத்தாயி தூக்கினாள். அது அவள் விரலைத் தேடிப் பிடித்துச் சப்பியது. வாய்க்குள் பல் அப்போதுதான் அரும்பியிருந்தது. மூன்று மாதக் குட்டி என்றல்லவா விற்றான். இது பால் மறக்காத குட்டி. பட்டயம் அவன் கைக்குப் போய்விட்டால் அந்த வேலி இனி யாருக்கும் திறக்காது.

"மகாராசா, ஒரு சந்தேகம்" என்று மெல்ல ஆரம்பித்தாள். "இந்தக் குட்டி நம் வீட்டுக்கு வாழ வந்த பெண் மாதிரிதானே?"

"ஆமாம், அதற்கென்ன?"

"தாய்வீட்டிலிருந்து ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லையே. நாமும் சம்பந்தியம்மாளுக்குத் தாம்பூலம் வைத்து அழைக்கவில்லை. பக்கத்து நாட்டுக்குத் தெரிந்தால் என்ன பேசுவார்களோ."

ராசாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அடடா, எப்படி மறந்தோம்? ரத்தினப்பா, அரண்மனைப் பல்லக்கை எடுத்துப் போ. வெள்ளிக்கிழமை சம்பந்தியம்மாள் இங்கே இருக்க வேண்டும்."

"மகாராணியாக வாழ்கிறவர், நடக்க விட்டுவிடாதீர்கள்" என்றாள் காத்தாயி.

ரத்தினப்பன் வேலிக்குள் தாய் நாய்கள் கிடந்த கொட்டகையில் ஒரு நாளும் கால் வைத்தவனில்லை. நாற்றம் ஆகாது. காவல்காரனிடம், "இருப்பதில் கொழுத்ததாக, வெள்ளையாக ஒன்றைப் பிடித்துக் குளிப்பாட்டி, புடவை சுற்றி அனுப்பு" என்று சொல்லிவிட்டான். காவல்காரனும் தேடினான். கொழுத்தது என்று அங்கே ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை நாகஸ்வரம் முழங்கப் பல்லக்கு வந்தது. மாம்பழ நிறப் பட்டுப்புடவை, கழுத்தில் மல்லிகைச் சரம். ராணி ஆரத்தி சுற்றினாள். ராசா கைகூப்பி, "வாங்க சம்பந்தியம்மா, பிரயாணமெல்லாம் சௌகரியந்தானே?" என்றார்.

சம்பந்தியம்மாள் இறங்கினார். அழுகிற குட்டியை ஒரு தரம் மோந்து பார்த்தார், திரும்பிக்கொண்டார். நேரே கொடிக்கம்பத்துக்கு நடந்தார். பட்டுப்புடவையோடு பின்னங்காலைத் தூக்கினார்.

நாகஸ்வரம் நின்றது.

"மகாராசா, நானும் மூன்று பெற்றவள்தான்" என்றாள் காத்தாயி. "இப்படி ஒரு நாளும் செய்ததில்லை."

"அது பெரிய இடத்துப் பழக்கம்" என்று முனகினான் ரத்தினப்பன்.

ராசா அதே பல்லக்கில் ஏறிக் கரட்டுக்கு அந்தப் பக்கம் போனார். காத்தாயியும் கூடப் போனாள். வேலி திறந்தது. உள்ளே நாற்பது மூங்கில் கூண்டுகள். ஒவ்வொன்றிலும் நிமிர்ந்து நிற்க முடியாமல் ஒரு தாய். ஈற்றுக்கு ஈற்று இளைத்து, எலும்பும் தொங்கும் மடியுமாகக் கிடந்தன. காதில் குட்டியைப் போலவே பழுப்புப் புள்ளி உள்ள ஒருத்தியைக் காத்தாயி தன் முந்தானையில் சுற்றித் தூக்கிவந்தாள்.

அரண்மனை முற்றத்தில் இறக்கிவிட்டதும் அது ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்தது. புல்லை மிதித்துப் பழக்கமில்லை. குட்டி ஓடிவந்து மடியில் முட்டியது. அழுகை நின்றது. கொஞ்ச நேரத்தில் செண்பகவல்லி, "எனக்கும் பசிக்குது" என்றாள்.

ராசா தீர்ப்புச் சொன்னார். "பட்டயம் கிடையாது. இனி தாயை அது இருக்கும் இடத்திலேயே போய்ப் பார்க்காமல் இந்த நாட்டில் யாரும் குட்டி வாங்கக் கூடாது."

"தாயைப் பார்த்த பிறகு யார் பிரபு வாங்குவார்கள்?" என்றான் ரத்தினப்பன்.

"அதைத்தான் அண்ணே நாங்களும் கேட்கிறோம்" என்றாள் காத்தாயி.

"நாற்பது பேரும் இனி அரண்மனைத் தோட்டத்தில் இருப்பார்கள்" என்றார் ராசா. "பாற்சோறு, பன்னீர்க் குளியல் என்றாயே, அதை உன் கையாலேயே நாள் தவறாமல் செய்."

பிறகு தன் முத்துமாலையைக் கழற்றிக் காத்தாயியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"அந்தப் பட்டுப்புடவைச் சம்பந்திக்குப் போடுங்கள் மகாராசா. கடையிலிருந்து அரண்மனை வரை இத்தனை பேர் வாயைத் திறந்தார்கள். உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அதுவும் காலைத் தூக்கி."

வல்லபராயர் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. மறுநாள் கொடிக்கம்பத்தடியில், முத்துமாலையோடு சம்பந்தி மறுபடி காலைத் தூக்கினார். யாரும் விரட்டவில்லை. சம்பந்தி மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா.