ஊமை மடு

காட்டின் நடுவே ஒரு மடு இருந்தது. ஊமை மடு என்று அதற்குப் பெயர்.

பெயருக்கேற்ற மடுதான். அங்கே தவளை கத்தாது. காற்றடித்தாலும் அலை எழாது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை பச்சைப் பாசி மூடிக் கிடக்கும். பார்த்தால் புல்தரை என்றே தோன்றும். ஏதாவது விழுந்தால் பாசி வாய் மாதிரி திறக்கும். பிறகு மெல்ல மூடிக்கொள்ளும். அவ்வளவுதான்.

கரையோரப் புதரில் தவிட்டி என்ற பெண்முயல் குடியிருந்தாள். அவளுக்கு இரண்டு குட்டிகள். ஆண்குட்டி சுள்ளான். பெண்குட்டி குன்னி.

ஒரு நாள் காலையில் தவிட்டி குட்டிகளோடு மேய்ந்துகொண்டிருந்தாள். வாய் புல்லில் இருந்தாலும் காது குட்டிகள் மேலேயே இருந்தது. 'ஏதாவது என்றால் கத்துவார்கள், ஒரே தாவில் போய்விடலாம்' என்று நினைத்தாள்.

யாரும் கத்தவில்லை. தற்செயலாகத் திரும்பினாள். குன்னி மட்டும் கரையில் நின்றாள். அவளுக்கு எதிரே பாசியில் ஒரு சின்ன ஓட்டை. அது மூடிக்கொண்டிருந்தது.

"அண்ணன் எங்கேடி?" என்று அலறினாள் தவிட்டி.

"புல் மேலே குதித்தான் அம்மா. புல் அவனை உள்ளே வைத்துக்கொண்டது!" என்றாள் குன்னி.

தவிட்டி வெயில் ஏறும்வரை பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மடு பதிலே சொல்லவில்லை.

அப்போது நாணல் விலகியது. பொறையன் என்ற உடும்பு மெதுவாக ஊர்ந்து வந்தான். அந்தக் காட்டில் துக்கம் நடந்த இடத்துக்கெல்லாம் முதலில் வருகிறவன் அவன்தான்.

"அழாதே தங்கச்சி," என்றான். அவன் குரல் ஈரமாக இருந்தது. "இந்த மடுவுக்கு உயிர் இருக்கிறது. அது பெயர் சொல்லிக் கூப்பிடும். போனவர்கள் போனவர்கள்தான். இருக்கிறவளைக் காப்பாற்றிக்கொள்!"

"எப்படி அண்ணே?"

"ஓடைப் பக்கம் துடுப்பி என்று ஒரு நீர்நாய் இருக்கிறாள். நீந்தக் கற்றுத்தருகிறேன் என்று வருவாள். விட்டுவிடாதே! நீந்தத் தெரிந்த குட்டிகளைத்தான் மடு முதலில் கூப்பிடும். தெரியாத குட்டிகளை அது சீண்டாது."

சொல்லிவிட்டு நாக்கை நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டான். தவிட்டிக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் தலையாட்டினாள்.

அவன் சொன்னபடியே சில நாளில் துடுப்பி வந்தாள்.

"அக்கா, விஷயம் கேள்விப்பட்டேன். மனசு ஆறவில்லை. குன்னியை என்னோடு ஓடைக்கு அனுப்பு. என் குட்டிகளோடு சேர்த்து மிதக்கப் பழக்குகிறேன்."

"வேண்டாம்! என் பிள்ளை தண்ணீர்ப் பக்கமே போகமாட்டாள்!"

"மழை பெய்து தண்ணீர் உன் பிள்ளை பக்கம் வந்தால்?"

"போய்விடு!" என்று பின்னங்காலால் தரையை ஓங்கி உதைத்தாள் தவிட்டி.

துடுப்பி ஓடைக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

அதன் பிறகு தவிட்டி மகளைப் பயம் காட்டியே வளர்த்தாள். "மடுவில் பேய் இருக்கிறது. பார்த்தாலே பிடித்துக்கொள்ளும்!" என்பாள். குன்னி தூக்கத்தில்கூட நடுங்கினாள். நடுங்கிக்கொண்டே மடுவைத்தான் எட்டி எட்டிப் பார்த்தாள்.

அந்த மாதமே புள்ளிமான் ஒருத்தியின் கன்று காணாமல் போனது. அதுவும் சத்தமில்லாமல்தான். பனிமூட்டத்தில் நின்று அவள் "மணி! மணி!" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பொறையன் அங்கேயும் வந்தான். அதே ஈரக் குரல். அதே வார்த்தைகள்.

"நீந்தத் தெரியாத குட்டிகளை மடு சீண்டாது தங்கச்சி..."

பக்கத்தில் நின்ற தவிட்டிக்குச் சுருக்கென்றது. மான்கன்றுக்கு எங்கே நீந்தத் தெரியும்? அது நடக்கவே இப்போதுதான் பழகியது. என் சுள்ளானுக்கு மட்டும் தெரியுமா என்ன? அவர்களை ஏன் மடு எடுத்தது?

பொறையன் நாணலுக்குள் திரும்பிப் போனான். தவிட்டி மூச்சை அடக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

உள்ளே ஒரு சேற்றுத் திட்டு. அழுகல் வாடை மூக்கைத் துளைத்தது. சேற்றில் எலும்புகள் பதிந்து கிடந்தன. எல்லாம் சின்னச் சின்ன எலும்புகள். எதிரே பாசிக்கடியிலிருந்து ஏதோ ஒன்று மெல்ல மேலே மிதந்து வந்துகொண்டிருந்தது. அதன் முதுகில் வெள்ளைப் புள்ளிகள்.

பொறையன் அதைப் பார்த்தபடி மடுவோடு பேசினான். தூங்கும் குழந்தையிடம் பேசுகிற மாதிரி அவ்வளவு மெதுவாகப் பேசினான்.

"நல்லது. நீ எடு, நான் தின்கிறேன். நீ கூப்பிடுவதுமில்லை, கத்துவதுமில்லை. இந்தத் தாய்மார்கள் பயந்துகொண்டே இருக்கட்டும். ஒருத்தியும் தன் பிள்ளைக்குக் கற்றுத்தரக் கூடாது. பெரிய மழை வரட்டும்... அந்த முயல்குட்டி பக்கத்தில்தானே இருக்கிறது!"

தவிட்டி வந்த வழியே பின்னோக்கி நகர்ந்தாள். பிறகு புதருக்கு ஓடினாள். குன்னியைக் கவ்விக்கொண்டு ஓடைக்கரையில் போய்த்தான் நின்றாள்.

"துடுப்பி! அன்றைக்கு விரட்டினேனே, மனசில் வைத்துக்கொள்ளாதே! என் பிள்ளைக்குக் கற்றுக்கொடு!"

"உள்ளே வா அக்கா," என்றாள் துடுப்பி. "நீயும்தான்!"

ஓடையின் ஆழமில்லாத ஓரத்தில் பாடம் நடந்தது. துடுப்பியின் குட்டிகள் தண்ணீரில் விழுந்து விழுந்து காட்டின.

"விழுந்ததும் வாயை மூடு. மூச்சை விடாதே. உடம்பைப் புரட்டி மல்லாந்து படு. காதைத் தளர விடு. வானத்தைப் பார். தண்ணீரே உன்னைத் தூக்கும். மூக்கு வெளியே வந்ததும் மூச்சு வாங்கு. அப்புறம் கரையைத் தேடி உதை. வேர் கிடைத்தால் பிடி!"

குன்னி தண்ணீரில் கால் பட்டதுமே வீறிட்டு அழுதாள். "பேய்! பேய்!" என்று தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

தவிட்டிக்குப் பொறுக்கவில்லை. "போதும், விட்டுவிடு! பிள்ளை பயப்படுகிறாள்!"

"அந்தப் பயம் நீ கொடுத்தது அக்கா," என்றாள் துடுப்பி. "இங்கே அழட்டும். இங்கே நானும் இருக்கிறேன், நீயும் இருக்கிறாய். அங்கே அழக்கூட நேரம் இருக்காது."

தவிட்டி மகளைக் கீழே இறக்கினாள். "பேய் இல்லை கண்ணு. அம்மா பொய் சொன்னேன். அது வெறும் தண்ணீர்," என்றாள்.

குன்னி தண்ணீர் குடித்தாள், இருமினாள், அம்மாவைத் திட்டினாள். ஆனாலும் தினம் தினம் போனார்கள். ஒரு நாள் குன்னி மல்லாந்து படுத்தாள். வயிறு மேலே, கண் வானத்தில். அப்படியே மிதந்தாள். "அம்மா, தண்ணீர் என்னைத் தூக்குகிறது!" என்று சிரித்தாள்.

பிறகு மழை வந்தது. நிற்காத மழை. ஊமை மடு சத்தமில்லாமல் பெருகியது. புல் எது, பாசி எது என்று தெரியாமல் போயிற்று. தவிட்டியின் புதர் வாசல்வரை பச்சை வந்துவிட்டது.

மழை விட்ட பகலில் தவிட்டி மேட்டுக்கு வேறு வளை பார்க்கக் கிளம்பினாள். குன்னி பின்னால் வந்தாள். வழியில் ஒரு பச்சை வெட்டுக்கிளி தாவியது. குன்னியும் தாவினாள்.

சத்தம் கேட்கவில்லை. ஆனால் இந்த முறை தவிட்டி காதை நம்பவில்லை. அடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அதனால்தான் பாசி மூடுவது அவள் கண்ணில் பட்டது.

எதிர்க்கரையில் பொறையன் இருந்தான். அசையவே இல்லை. நாக்கு மட்டும் வெளியே வந்து உள்ளே போனது.

பாசி முழுதாக மூடிக்கொண்டது. காடே மூச்சை நிறுத்திய மாதிரி இருந்தது.

பிறகு பச்சைக்கு நடுவே ஒரு சின்ன மூக்கு தெரிந்தது. அடுத்து வெள்ளை வயிறு. குன்னி மல்லாந்து கிடந்தாள். வாய் மூடியிருந்தது. கண் விரியத் திறந்திருந்தது. செத்துப்போனாளா? மூக்கு துடித்தது. குன்னி மூச்சு வாங்கினாள்!

"உதை கண்ணு! அம்மா குரல் வரும் பக்கமாக உதை!"

குன்னி உதைத்தாள். பாசி கிழிந்து வழி விட்டது.

பொறையன் இத்தனை காலமும் காத்திருந்தே தின்றவன். இன்றைக்குத்தான் முதல்முறையாக அவனுக்குப் பொறுமை போயிற்று. தண்ணீரில் வழுக்கி இறங்கினான். பாசிக்கடியில் ஒரு நீளமான மேடு குன்னியை நோக்கி வந்தது.

"திரும்பிப் பார்க்காதே! உதை! வேரைப் பிடி!"

மருதமரத்து வேர் ஒன்று தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. குன்னி அதை முன்னங்கால்களால் இறுகப் பற்றினாள். தவிட்டி வேரின் மேல் இறங்கி மகளின் பிடரியைக் கவ்வி இழுத்தாள். அந்த நேரம் பொறையனின் வாய் பாசியைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது.

தவிட்டி திரும்பி, தன் பலத்தையெல்லாம் சேர்த்துப் பின்னங்கால்களால் அந்த மூஞ்சியில் ஓர் உதை விட்டாள்!

பொறையன் பாசிக்குள் மறைந்தான். அன்றே தவிட்டி எல்லாத் தாய்மாரையும் கூட்டிப்போய் நாணலுக்குள் கிடந்த எலும்புகளைக் காட்டினாள். அதற்கப்புறம் அவன் அந்தக் காட்டில் யாரிடமும் துக்கம் கேட்க வரவில்லை.

மறுநாள் ஓடைக்கரையில் ஒரே கூட்டம். வயிற்றில் அடுத்த கன்றைச் சுமந்துகொண்டு புள்ளிமானும் வந்து கடைசியில் நின்றாள்.

"பிறக்கப்போகிற பிள்ளைக்கும் இடம் இருக்குமா தங்கச்சி?" என்று தயங்கிக் கேட்டாள்.

"வா அக்கா," என்றாள் துடுப்பி. "முதலில் நீ இறங்கு!"

தண்ணீர் சொல்லிவிட்டு வருவதில்லை. ஆகவே பிள்ளையைப் பேய்க்கதை சொல்லிப் பயமுறுத்தி வைக்காமல், மிதக்கவும் கரை பிடிக்கவும் கற்றுக்கொடுங்கள், கற்ற பிறகும் பிள்ளை மேலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.