ராஜா வயலுக்கு அரிப்பெடுத்த கதை

செம்மேட்டூரை ஆண்ட கொற்றவேல் ராஜாவுக்குக் கோபம் வந்தால் மத்தியானச் சாப்பாட்டோடு தணிந்துவிடும். போன ஐப்பசியில் வந்த கோபம் மட்டும் இந்தப் புரட்டாசி வரைக்கும் தணியவில்லை. காரணம் ஒரு பள்ளம். அவருடைய சோள வயலில் மழைத்தண்ணீர் மண்ணை அரித்து அரித்து, ஆள் மறையும் ஆழத்துக்குப் பறித்துவிட்டிருந்தது. பயிர் மறைத்த அந்தப் பள்ளத்துக்குள் ராஜா கிரீடத்தோடு போய் விழுந்தார். கிணற்றுக் கயிறு கட்டித்தான் மேலே இழுத்தார்கள். இழுத்தவர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போது ராஜா குன்றடிக் காட்டைத் திருத்திப் புதிதாக ஒரு கம்பு வயல் போட்டிருந்தார். அதன்மேல் அவருக்குக் கொள்ளை ஆசை. அதுவும் அரித்துப் போய்விடுமோ என்று தூக்கமே வரவில்லை. சபையைக் கூட்டினார். எந்த இடத்தில் அரிப்பு வரும் என்பது மழைக்கு முன்னாலேயே தனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றார்.

ராஜாவைப் புகழ்ந்தே பதவியில் இருந்த ஆஸ்தான ஜோதிடர் மார்க்கசகாயர் உடனே எழுந்தார். முதல் ஏர் பூட்டிய நேரத்தைக் கேட்டு, வயலுக்கு ஜாதகம் கணித்து, செவ்வாய் முறைக்கிறது, ஆகவே ஈசானிய மூலையில்தான் அரிக்கும் என்று சொல்லிவிட்டார். ஈசானிய மூலையில் இருந்தது ஒரு பாறை. அது அவருக்குத் தெரியாது. அவர் வயல் பக்கம் போனதே இல்லை.

அதோடு விட்டாரா? ராஜாவைச் சிரிக்க வைத்தே சோறு தின்னும் வெயிலுகந்தன்மேல் அவருக்கு வெகுநாளாகப் பொறாமை. வெயிலுகந்தனும் ஓர் இடம் சொல்லட்டும், யார் வாக்குப் பொய்க்கிறதோ அவர் மழை அரிக்கும் பள்ளத்தில் படுத்து அதை அடைக்கட்டும் என்று ராஜாவின் காதில் போட்டார். ராஜாவுக்கு அது பிடித்துப் போயிற்று.

வெயிலுகந்தனுக்கு வயலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவன் மண்வெட்டியைத் தொட்டவனில்லை. வாட்டசாட்டமான உடம்பு வேறு. அவன் படுத்தால் பாதிப் பள்ளம் அப்போதே தூர்ந்துவிடும். மனைவி வாங்கிவரச் சொன்ன பூசணிக்காயைச் சந்தையில் வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போக மனசில்லாமல் வயலின் மேட்டில் போய் உட்கார்ந்தான். கவலையில் கையைத் தளர்த்தினான். பூசணிக்காய் உருண்டது.

வீட்டுக்கு வெறுங்கையோடு போவதை நினைத்துப் பதறி, அதன் பின்னாலேயே ஓடினான். அது வரப்புகளில் மோதி வளைந்து வளைந்து போய், வயலின் நடுவில் ராஜா தினமும் சாயங்காலம் குதிரையில் இறங்கும் பாதையில் விழுந்து, நேராகக் கீழே இருந்த குளத்தின் கரைக்குப் போய் நின்றது. எடுத்துவந்து வேறொரு மூலையிலிருந்து விட்டுப் பார்த்தான். மறுபடியும் ராஜா பாதைக்கே வந்தது. எங்கே விட்டாலும் அங்கேதான் வந்தது. வெயிலுகந்தன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குழந்தை மாதிரி திரும்பத் திரும்ப உருட்டினான். கடைசியில் பூசணிக்காய் உடைந்தது. கவலையும் விட்டது.

மறுநாள் ராஜாவையும் சபையையும் வயலுக்கு அழைத்தான். ஒரு வண்டிப் பூசணிக்காய் தயாராக நின்றது. மார்க்கசகாயர் அதைப் பார்த்து, இது வயலா அடுப்பங்கரையா என்று கேலி பேசியபடி பாதையின் நடுவில் போய் நின்றுகொண்டார். வெயிலுகந்தன் வண்டியைக் கவிழ்த்தான். அத்தனை காயும் நாலா பக்கமும் சிதறி, பிறகு மந்தை கூடுவதுபோலக் கூடிப் பாதைக்கு வந்து, ஜோதிடரை வாரிக்கொண்டு குளத்துக்குப் போயின.

"தண்ணீரும் இப்படித்தான் வரும், பிரபு. இந்தப் பாதைதான் அரிக்கும்" என்றான் வெயிலுகந்தன்.

நனைந்த வேட்டியோடு கரையேறிய மார்க்கசகாயர் விடவில்லை. "ராஜாவின் குதிரை மிதித்த மண் விளங்காது என்கிறான், மகாராஜா" என்றார். ராஜாவின் முகம் சிவந்தது. வெயிலுகந்தன் கை கூப்பினான். மழை வந்து சொல்லட்டும் என்று மட்டும் மெல்லச் சொன்னான்.

மழை வந்தது, கொட்டித் தீர்த்தது. ஓய்ந்ததும் எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். பாறை கழுவிவிட்டதுபோலப் பளபளவென்று இருந்தது. கம்பு ஒரு தட்டை சாயவில்லை. ராஜா பாதை மட்டும் மேலிருந்து கீழ்வரை வாய்பிளந்து கிடந்தது. நல்லவேளை, இடம் முன்பே தெரிந்ததால் இந்த முறை ராஜா விழவில்லை.

ராஜாவுக்கு ஒரு சந்தேகம். தண்ணீர் அங்கே கூடும் என்பதைப் பூசணிக்காய் காட்டியது, சரி. ஆனால் வயலின் மற்ற இடங்களிலும் தண்ணீர் ஓடத்தானே செய்தது? அங்கெல்லாம் அரிக்காமல் தன் பாதையில் மட்டும் ஏன் அரித்தது என்று கேட்டார்.

வெயிலுகந்தன் பணிவாகச் சொன்னான்: "மற்ற இடமெல்லாம் குடியானவர்கள் வரப்புப் போட்டார்கள், பயிர் வைத்தார்கள். பாதையில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது என்று தங்கள் உத்தரவு. அரிப்பு எப்போதும் கை எட்டாத இடத்தில்தானே வரும், பிரபு?"

ராஜா ஒரு கணம் யோசித்தார். அவருடைய கை தானாக முதுகுப் பக்கம் போயிற்று, எட்டவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். போன ஐப்பசிக் கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து வெயிலுகந்தனுக்குப் போர்த்தினார். பிறகு பாறைக்குப் பின்னால் ஒளிந்து நின்ற மார்க்கசகாயரைப் பார்த்தார். முன்பு பேசிக்கொண்டபடி அவரைப் பள்ளத்தில் படுக்க வைக்கலாமா என்று வெயிலுகந்தனைக் கேட்டார்.

வெயிலுகந்தன் பதறித் தடுத்தான். "வேண்டாம், பிரபு. அவரைப் படுக்க வைத்து வீணாக்கலாமா? ஒரு மண்வெட்டி கொடுத்து அந்தப் பள்ளத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். கை எட்டாத இடத்தில் அரித்தால் முதுகு சொறிகிறவர்தானே தேவை? நம் சபையில் அந்த வேலையில் அவரை மிஞ்ச யார் இருக்கிறார்கள்?"